மேடைக்கு ஒரு புனைமொழி: எந்த மெய்களை வைப்பது, எவற்றை விடுவது?

நாடகத்துக்காகப் புதிதாக ஒரு மொழியைப் புனையும்போது முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியது அதன் மெய்யொலிகளைத்தான். சொற்களைப் பிறகு எத்தனை வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம். வேற்றுமை உருபுகளையும் வினையின் காலங்களையும் ஒத்திகை நடந்துகொண்டிருக்கும்போதே திருத்திக்கொள்ளலாம். எந்த மெய்கள் அந்த மொழியில் உண்டு, எவை இல்லை என்பதை மட்டும் நடுவழியில் மாற்ற முடியாது; மாற்றினால் அதுவரை மனப்பாடம் செய்த வசனம் முழுவதும் வீணாகிவிடும். இந்த ஒரு முடிவுக்காக எங்கள் குழு எடைபோட்டுப் பார்த்த வழிகளை, இதே வேலையில் இறங்கும் மற்றவர்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால், இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன்.

எங்கள் தேவை இன்னது என்று சொன்னால்தான் ஒப்பீடு விளங்கும். மதுரையின் மேற்குப் பகுதியிலும் அதை அடுத்த கீழக்குயில்குடிப் பக்கமும் படிக்கும் பள்ளிப் பிள்ளைகளை வைத்து நாங்கள் ஒரு நாடகம் போடுகிறோம். மலைக்குகைகளில் வாழும் ஒரு கற்பனைக் குலத்தார் அதில் வருகிறார்கள். அவர்கள் பேசுவது பார்ப்பவர்களுக்குப் புரியக் கூடாது. அதே சமயம், இது வெறும் உளறல் இல்லை, இவர்களுக்கென்று ஒரு மொழி இருக்கிறது என்ற நம்பிக்கை கேட்டவுடனே வர வேண்டும். நடிப்பவர்கள் விளாச்சேரியில் செய்து வாங்கும் காகிதக்கூழ் முகமூடியை அணிந்துகொண்டு, சட்டையில் குத்திய சிறிய மைக்கில் பேசுவார்கள். ஆடுமிடம் திறந்தவெளி, அங்கே கட்டப்படுவது ஊர்த் திருவிழாக்களில் பார்க்கும் கூம்பு ஒலிபெருக்கி. வசனம் தமிழ் எழுத்தில் அடித்த தாளில் இருக்கும். பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் தமிழும், சிலர் சௌராஷ்டிரமும், சிலர் தெலுங்கும் பேசுகிறவர்கள். வாய், காது, தாள், ஒலிபெருக்கி ஆகிய நான்குக்கும் ஒத்துவரும் மெய்களே எங்களுக்கு வேண்டியவை.

முதலில் பேசப்பட்டது, நிறைய மெய்களை வைத்துக்கொள்ளும் வழி. புனைமொழிகளில் மிகுதியாகப் பேசப்படும் எசுப்பெராந்தோவை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொண்டோம். 1887-இல் சாமன்ஹாஃப் வெளியிட்ட அந்த மொழிக்கு 28 எழுத்துகள். அவற்றில் 23 மெய்கள். மெய்கள் மிகுந்தால் சொற்கள் குறுகும், ஒரு சொல்லை இன்னொன்றாகக் கேட்கும் வாய்ப்பும் குறையும் என்பது இதன் வலிமை. ஆனால் அந்த வேறுபாடுகளைக் கேட்கப் பழகிய காதுக்குத்தான் அந்த வலிமை பயன்படும். தமிழில் ச என்ற ஒரே வல்லினம் நிற்கும் இடத்தில் எசுப்பெராந்தோவில் ஏழு ஒலிகள் தனித்தனியே நின்று பொருளை வேறுபடுத்துகின்றன. அவற்றில் ஸ, ஷ, ச, ஜ ஆகியவற்றை நம் பிள்ளைகள் தடையில்லாமல் சொல்லிவிடுவார்கள். எஞ்சியவற்றைக் கிரந்த எழுத்துகளின் துணையோடும் தாளில் எழுதிக் காட்ட இயலாது.

அதைவிடப் பெரிய இடர் ஒலிப்புடை, ஒலிப்பிலா ஒலிகளின், அதாவது குரல்வளை அதிரப் பிறக்கும் ஒலிகளுக்கும் அதிராமல் பிறக்கும் ஒலிகளுக்கும் உள்ள, எதிர்நிலை. தமிழில் பக்கம், பங்கு, பகல் என்ற மூன்று சொற்களிலும் ஒரே க எழுத்துத்தான் இருக்கிறது. ஆனால் முதலாவதில் அது இறுகியும், இரண்டாவதில் மூக்கொலியை ஒட்டி அதிர்ந்தும், மூன்றாவதில் உயிர்களுக்கு நடுவே நெகிழ்ந்தும் ஒலிக்கிறது. எந்த இடத்தில் எது வரும் என்பதை இடமே முடிவு செய்வதால் நமக்குத் தனி எழுத்துகள் தேவைப்படவில்லை. இந்த எழுத்தை வைத்துக்கொண்டு, சொல்லின் முதலிலேயே இறுகிய க ஒன்றும் அதிர்ந்த க ஒன்றும் வேண்டும் என்று கேட்டால், படிப்பவர் எதைச் சொல்வார் என்பது அவரவர் அன்றைய மனப்போக்கைப் பொறுத்ததாகிவிடும். பழைய தோத்திர நூல்களில் வடமொழி ஒலிகளுக்காகக் க², க³, க⁴ என்று தலையில் எண்ணிட்டு அச்சிட்டிருப்பார்கள். பக்தியோடு நிறுத்தி நிதானமாகப் படிப்பவருக்கு அது உதவும். மேடையில் ஓடிக்கொண்டே பேசும் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு உதவாது.

இல்லாத ஒலிக்குப் புது எழுத்தே அமைத்துவிடலாமே என்ற எண்ணமும் எழுந்தது. அதற்கு முன்மாதிரி நம் ஊரைச் சுற்றியே இருக்கிறது. வடபுலத்துப் பிராமியில் இடம்பெறாத ழ, ள, ற, ன ஆகிய தமிழ் ஒலிகளுக்குக் குறி அமைத்துக்கொண்டுதான் தமிழ்ப் பிராமி உருவாயிற்று. நெடுஞ்செழியன் பெயரைத் தாங்கிய மாங்குளம் மலைக் கல்வெட்டுகளை அந்தக் கண்ணோடு பார்க்கும்போது, தன் மொழியின் ஒலி ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது என்ற அக்கறை அந்தப் பாறையில் தெரிகிறது. எனக்கு மிகவும் பிடித்த எண்ணம் இது. ஆனால் கேட்கவே பழகாத ஒலிக்கு எழுத்து மட்டும் கிடைத்து என்ன பயன்? அந்தக் குறிகளை அமைத்தவர்கள் தாங்கள் அன்றாடம் பேசிய ஒலிகளுக்கு அமைத்தார்கள். எங்கள் பிள்ளைகளோ பேசாத ஒலியையும் அறியாத எழுத்தையும் ஒரே விடுமுறையில் சேர்த்துக் கற்க வேண்டியிருக்கும். இந்த வழியை விட்டுவிட்டோம்.

இரண்டாவது வழி, எண்ணிக்கையைக் கூட்டாமல், தமிழ்க் காதுக்கு அறவே புதிய சில ஒலிகளை நடுநடுவே வைப்பது. 2009-ஆம் ஆண்டு வந்த 'அவதார்' திரைப்படத்துக்காகப் பால் ஃபிராமர் அமைத்த நாவி மொழியில், குரல்வளையை மூடிக்கொண்டு வெடிக்கும் ப, த, க ஒலிகள் மூன்று உண்டு. 2015-இல் வந்த 'பாகுபலி' படத்துக்காக மதன் கார்க்கி அமைத்த கிளிக்கியில் நாவைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள் உண்டு. திரையில் இவை நன்றாக எடுபடுகின்றன; காரணம், அங்கே ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு வசனத்தைத் திரும்பத் திரும்பப் பேசித் தேறியதை எடுத்துக்கொள்ளலாம். மேடையில் அந்த வசதி இல்லை.

சொடுக்கொலியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பலர் நினைப்பதுபோல அது நமக்குத் தெரியாத ஒலி அன்று. பல்லின் பின்புறத்தில் நாவை ஒட்டி எடுத்து நாம் அன்றாடம் உச்சுக் கொட்டுகிறோம். வண்டிமாட்டை முடுக்குகிறவர் நாவைக் கன்னத்துப் பக்கமாக இழுத்துச் சொடுக்குகிறார். ஆகவே வசனத்தின் நடுவே ஒரு சொடுக்கொலி வந்தால், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டியின் காதில் அது ஒரு மெய்யாக விழாது. யாரோ யாருக்காகவோ இரக்கப்படுவதாகத்தான் விழும். பொருள் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கும் ஒலியை வெறும் மெய்யாக மாற்றுவது, புதிய ஒலியைக் கற்றுக்கொடுப்பதைவிடக் கடினம்.

சௌராஷ்டிரத்தில் உள்ள மூச்சுக் கலந்த ம, ந, ர, ல ஒலிகளை எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஒரு கருத்து வந்தது. தமிழ் மெய்யோடு ஹகரம் கலந்து ஒலிக்கும் இவை மதுரையில் பல ஆயிரம் வீடுகளில் கேட்பவை. குழுவிலேயே அவற்றைச் சொல்லிக்கொடுக்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனாலும் நான் உறுதியாக மறுத்தேன். மகால் பகுதியில் பக்கத்து வீட்டில் வாழ்கிறவர்களின் தாய்மொழியை, மேடையில் குகைவாசிகளின் விநோதப் பேச்சுக்கு அடையாளமாக்குவது முறையில்லை. தென்னாப்பிரிக்காவில் சோசா, சூலு மொழிகளைப் பேசுகிற மக்கள் வகுப்பறையிலும் சந்தையிலும் வழங்கும் சொடுக்கொலிகளுக்கும் இதே நியாயம் பொருந்தும். ஒரு மக்களின் ஒலியை எடுத்துக் 'காட்டு' முத்திரை குத்தாமல் அயன்மையைக் காட்ட வழி இருக்கும்போது, அந்த வழியில்தான் போக வேண்டும்.

மூன்றாவது வழி மெய்களை மிகக் குறைப்பது. 2001-இல் சோன்யா லாங் வெளியிட்ட தொக்கி போனாவில் ப, த, க, ஸ, ம, ந, ல, ய, வ என்ற ஒன்பதே மெய்கள். உலகில் யார் வாயிலும் இவை எளிதாக வரும் என்பதே அந்த மொழியின் நோக்கம். அந்த நோக்கத்துக்கு இதைவிடச் சிறந்த தேர்வைச் சொல்ல முடியாது. எங்கள் பிள்ளைகளும் ஒரு மூச்சில் படித்தார்கள். ஆனால் கேட்டவுடன் எல்லோருக்கும் தோன்றியது, இது மழலைபோல் இருக்கிறதே என்பதுதான். அதில் வியப்பில்லை: குழந்தைகள் முதலில் எழுப்பும் மெய்களில் உதடு சேரும் ப, ம முன்நிற்கின்றன, அவை அடிக்கடி வந்து, ஒவ்வொரு மெய்யும் ஓர் உயிரோடு முடிந்தால் காது அதைத் தொட்டிற்பேச்சாக எடுத்துக்கொள்கிறது. எங்கள் நாடகத்தில் அந்தக் குலத்துக்கு ஒரு மூதாட்டி தலைமை தாங்குகிறாள், வழக்குத் தீர்க்கிறாள். அவள் வாயில் மழலை கூடாது. ஆனாலும் இந்த வழி எங்களுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. ஒரு மொழியின் குணத்தைக் காட்டுவது எத்தனை மெய்கள் என்பதைக் காட்டிலும் எவை இல்லை என்பதுதான்.

நான்காவது வழி, தமிழின் பதினெட்டு மெய்களையும் அப்படியே வைத்துக்கொண்டு சொற்களை மட்டும் புதிதாக அமைப்பது. தாளுக்கும் வாய்க்கும் இதைவிடப் பொருத்தம் கிடையாது. ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் ஃபின்னிய மொழியின் ஓசையில் மயங்கித் தம் கதைகளுக்காக அமைத்த குவென்யா என்ற புனைமொழியில் அதிரும் ப, த, க ஒலிகள் தனித்து வருவதில்லை. மூக்கொலியையோ ல, ர ஒலிகளையோ ஒட்டி மட்டுமே வருகின்றன. அம்பு, பந்து, பங்கு என்று நாம் சொல்லும்போது நிகழ்வதற்கு இது மிக அருகில் இருக்கிறது. ஆகவே இறுக்கம், அதிர்வு, நெகிழ்ச்சி ஆகிய மூன்றையும் தமிழ் வழக்கம்போல் இடத்துக்கே விட்டுவிட்டால், அது புனைமொழிக்குக் குறையாகாது. அழகான ஒரு விதியாகவே அமையும். இதன் குறை வேறிடத்தில் இருக்கிறது. பதினெட்டும் தமிழ் வரிசையில் வந்தால் கேட்பவர்கள் தமிழ்ச் சொற்களைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். ஒத்திகையில் ஒருவன் "மாடுகில்" என்று ஒரு புனைசொல்லைச் சொன்னான். அடுத்த நொடியே மாடு எங்கே என்று இன்னொருவன் கேட்டுவிட்டான்.

இந்த நான்கையும் பார்த்த பிறகு நாங்கள் தேர்ந்தது, தமிழ் மெய்களிலிருந்து சிலவற்றைக் கழித்து, எஞ்சியவற்றை இடம் மாற்றி வைப்பது. கழிப்பது புனைமொழிக்காரர்களுக்குப் புதிதில்லை. 1880 வாக்கில் வோலாப்பூக் மொழியை வெளியிட்ட ஷ்லேயர், ர ஒலி சீனர்களுக்குக் கடினமாக இருக்கும் என்று கருதிக் கூடியவரை அதைத் தவிர்த்தார். 'ஸ்டார் ட்ரெக்' படங்களில் வரும் வேற்றுலகத்தாருக்காக மார்க் ஓக்ரண்ட் அமைத்த கிளிங்கோனில் 21 மெய்கள் இருந்தும், உலக மொழிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் காணும் சாதாரணக் ககரம் கிடையாது. அதன் இடத்தில் தொண்டையின் இன்னும் ஆழத்தில் பிறக்கும் ஒலிகள் நிற்கின்றன. அதில் நாவளை டகரம் உண்டு, அதுவும் அதிரும் டகரம் மட்டுமே. இறுகிய இணை இல்லை. மனித மொழிகள் பெரும்பாலும் இணை இணையாக வைத்துக்கொள்ளும் ஒலிகளில் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை விட்டுவைத்ததால்தான் அது வேற்றுலகத்தார் மொழியாகக் கேட்கிறது. காதுக்கு அயன்மை ஏற்படுவது புதிய ஒலியால் மட்டும் அன்று; எதிர்பார்த்த ஒலி வராததாலும் ஏற்படுகிறது.

நாங்கள் முதலில் கழித்தவை உதடுகள் சேர்ந்தும் நெருங்கியும் பிறக்கும் ப, ம, வ ஆகிய மூன்றும். இதற்குக் காரணங்கள் பல திசையிலிருந்தும் வந்து சேர்ந்தன. முகமூடிக்குள் பேசும்போது ப வெடித்து வெளியேறும் காற்று கூழ்ச்சுவரில் மோதிக் கீழிறங்கி மைக்கில் 'புஸ்' என்று அடிக்கிறது. அந்த ஒலியை எந்தப் பஞ்சு உறையாலும் எங்களால் முழுதும் தடுக்க முடியவில்லை. மழலை என்ற குற்றச்சாட்டும் இந்த மூன்றோடு போய்விடுகிறது. அம்மா, அப்பா என்ற சொற்களை அமைக்கவே முடியாத ஒரு மொழியைத் தமிழ்க் காது எங்கும் தன்னுடையதாக மயங்காது. இப்படி ஒரு மொழி இருக்க முடியுமா என்று ஐயப்படுகிறவர்களுக்கு, வட அமெரிக்காவின் மோகாக், ஒனைடா மொழிகளின் சொந்தச் சொற்களில் ப, ம ஒலிகள் இல்லை என்பதைச் சொல்லலாம். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். உதடு ஒட்டாமல் பாடும் நிரோட்டகம் நம் சித்திரகவிகளில் ஒன்று. சிவப்பிரகாச சுவாமிகள் திருச்செந்தூர் முருகன்மீது ஓர் அந்தாதி முழுவதையுமே அவ்வாறு பாடியிருக்கிறார். பிள்ளைகளுக்கு இதை விளக்க ஒரு குறளே போதுமானதாயிற்று. "யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன்" என்பதைச் சொல்லச் சொல்லி, ஒருவர் உதட்டை இன்னொருவர் பார்க்க வைத்தோம். பற்களும் நாவும் வேலை செய்ய, மேலுதடும் கீழுதடும் கடைசிவரை தொடவே இல்லை. குகைக்குலத்தார் பேசும்போது முகமூடியின் திறந்த வாய் திறந்தபடியே இருப்பதும் அதன்பின் பொருத்தமாகிவிட்டது.

அடுத்துப் போனது ச. இதை இழக்கப் பலருக்கு மனமில்லை, ஏனென்றால் சீறும் ஒலி மர்மத்தைக் கூட்டும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் சீறலைக் கூம்பு ஒலிபெருக்கி சரியாகக் கொண்டுசேர்ப்பதில்லை. ஸ், ஃப் போன்ற உரசொலிகளின் ஆற்றல் பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. 3400 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும் பழைய தொலைபேசி இணைப்பில் இனிஷியல் சொல்லும்போது எஸ், எஃப் இரண்டும் குழம்புவதன் காரணம் அதுவே. மூக்கொலிகளும் ல, ள, ர ஒலிகளும் அப்படி இல்லை; காற்றடித்தாலும் கடைசி வரிசைவரை போய்ச் சேர்கின்றன. மேலும், எழுதிய சகரத்தை ஒரு பிள்ளை ஸ என்றும் இன்னொரு பிள்ளை ச்ச என்றும் படிப்பதால் ஒரே குலத்தார் இரண்டு மொழி பேசுவதுபோல் ஆகிவிடுகிறது.

ழகரத்தைப் பற்றி நீண்ட விவாதம் நடந்தது. நாவை மடித்து அண்ணத்தை வருடி எழுப்பும் அந்த ஒலியின்மீது நமக்குள்ள பற்று எனக்கும் உண்டு. ஒரு புனைமொழியில் அதைக் கொண்டாட வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. ஆனால் ழ கேட்ட மறுகணம் பார்வையாளர் இது தமிழ் என்றோ மலையாளம் என்றோ முடிவு செய்துவிடுவார். அதோடு, மதுரைப் பக்கத்துப் பேச்சில் மழை மளையாகவும் வாழைப்பழம் வாளப்பளமாகவும் ஆவது வழக்கம். ள, ழ இரண்டையும் பொருள் வேறுபடும்படி வைத்தால் பிள்ளைகளை அவர்கள் வீட்டுப் பேச்சுக்காகத் திருத்திக்கொண்டே இருக்க நேரும், அதை நான் விரும்பவில்லை. எனவே ள இருக்கும், ழ இருக்காது. றகரம் பேச்சில் ரகரத்தோடு கலந்துவிட்டதாலும், னகரம் நகரத்தோடு காதுக்கு ஒன்றாகிவிட்டதாலும் அவற்றையும் தனி ஒலிகளாகக் கொள்ளவில்லை. தாளில் படிப்பதற்கு எளிதாக இருக்கட்டும் என்று சொல்லின் நடுவிலும் இறுதியிலும் ன என்று எழுதிக்கொள்வதோடு சரி. இங்கே கண்ணுக்கு அயன்மை வேறு, காதுக்கு அயன்மை வேறு என்பதை மறக்கக் கூடாது. சொல்லின் முதலில் ன எழுதினால் தாளைப் பார்ப்பவர் திடுக்கிடுவார். மேடைக்கு எதிரே இருப்பவர் ஒரு வேறுபாட்டையும் உணரமாட்டார்.

இப்போது எஞ்சியவை க, ங, ஞ, ட, ண, த, ந, ய, ர, ல, ள என்ற பதினொன்று. எட்டே மெய்களைக் கொண்டு ஹவாய் மொழி வாழும்போது, பதினொன்று வறுமையில்லை. இவற்றில் ஒன்றுகூடப் பிள்ளைகளுக்குப் புதியதன்று என்பதால், அயன்மை முழுவதையும் இவை நிற்கும் இடம்தான் தர வேண்டும்.

அதற்கான வழியைத் தொல்காப்பியத்தின் மொழிமுதல் எழுத்துகளைப் பற்றிய பகுதியைத் தலைகீழாகப் படித்துக் கண்டோம். ட, ண, ர, ல, ள போன்றவை சொல்லுக்கு முதலாகா என்பது மரபு. ரயிலும் லட்டும் டீயும் வந்துவிட்ட பிறகு ர, ல, ட முதலில் வருவது காதை உறுத்துவதில்லை. ண, ள, ங மூன்றும் இன்றைக்கும் சொல்லின் முதலில் அயலாகவே நிற்கின்றன. ஆனால் சொல்ல முடியாதவை அல்ல. அரிச்சுவடி படித்த எந்தப் பிள்ளையும் ங, ஙா, ஙி என்றும் ண, ணா, ணி என்றும் ராகம் இழுத்துச் சொல்லியிருக்கும். வாய் அறிந்த, ஆனால் சொல்லில் ஒருபோதும் கேட்டிராத ஒலி: எங்களுக்கு வேண்டியிருந்தது சரியாக இதுதான். ஆகவே குகைக்குலத்தின் பெயர்ச்சொற்களில் பெரும்பாலானவை ங, ண, ள ஆகியவற்றில் தொடங்கும். "ளாரண் ஙித்தெ ணாகில்" என்று மூதாட்டி தொடங்கும் வசனத்தில் எந்த எழுத்தும் தடுக்கவில்லை. தமிழ் என்றும் தெலுங்கு என்றும் யாரும் சொல்லவில்லை.

சொல்லின் இறுதிக்கு ஒரு கட்டுப்பாடு தேவைப்பட்டது. க, ட, த ஆகிய வல்லினங்களில் முடியும் சொல்லைத் தமிழ் வாய் உகரம் சேர்க்காமல் விடாது. பஸ் பஸ்ஸு ஆவதுபோல, "ளக்" என்று எழுதினால் "ளக்கு" என்றே வரும். வராமல் தடுக்கப் பயிற்சி கொடுப்பதைவிட, வல்லினத்தில் சொல் முடியாது என்று விதியாக்கிவிடுவது எளிது. ங் என்று முடித்தாலும் பின்னால் ஒரு ககரம் ஒட்டிக்கொள்கிறது, அதையும் விலக்கிவிட்டோம். இரட்டிப்பை மட்டும் தாராளமாக வைத்துக்கொண்டோம். தமிழ்க் காது பத்தி, பதி என்ற வேறுபாட்டை ஒருபோதும் தவறவிடுவதில்லை ஆதலால், பதினொரு மெய்களுக்கும் அது கூடுதல் பலம் சேர்க்கிறது.

முடிவாக ஒரு சிக்கல் எஞ்சியிருந்தது. நாடகத்தின் நாயகன் மாறன். குகைக்குலத்தார் அவனை இரண்டாம் காட்சி முதல் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். அவர்களுக்கு மகரமும் இல்லை, றகரமும் இல்லை. பெயரை மாற்றிவிடலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று தீர்மானித்தோம். எந்த மொழியாரும் தம்மிடம் இல்லாத ஒலிக்குத் தம்மிடம் உள்ள நெருங்கிய ஒலியைத்தான் வைப்பார்கள். மூக்கொலிக்கு மூக்கொலி, வல்லினத்துக்கு வல்லினம் என்று கொண்டு, மகரம் ஙகரமாகவும், பகரம் ககரமாகவும், சகரம் தகரமாகவும், வகரம் யகரமாகவும் மாறும் என்று வகுத்திருக்கிறோம். அதன்படி அவர்கள் வாயில் மாறன் ஙாரன் ஆகிறான், மதுரை ஙதுரை ஆகிறது. தமிழ்ப் பெயர்கள் வரும் மற்ற வசனங்களையும் இந்த விதிப்படி மாற்றி எழுதும் வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது.